விளம்புதல் என்னும் சொல்லின் இருபொருளும் மின்வழி வணிகமும்: தாம்பரம் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்ட ஓர் ஆய்வு

'விளம்பரம்' என்னும் சொல் 'விளம்பு' என்னும் வினையடியாகப் பிறந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இவ்வினைக்குச் சொல்லுதல், பலரறியச் செய்தல் என்னும் பொருள்களோடு உணவு பரிமாறுதல் என்னும் பொருளையும் தருகின்றது. நாஞ்சில் நாட்டார் இன்றும் பந்தியில் சோறு விளம்புகின்றனர். கேளாதார்க்கும் செவியில் விழுமாறு கூறுதல் ஒன்று. இலைமுன் அமர்ந்து கேட்டார்க்குக் கேட்டதை இடுதல் மற்றொன்று. கைப்பேசி வழியாகவும் கணிப்பொறி வழியாகவும் இன்று நிகழும் வணிக விளம்பரம் பெரும்பாலும் இவ்விரண்டனுள் அடங்கும். ஒரு வணிகர் இவற்றுள் எதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது, அவர் விற்கும் பொருளைக் குறிக்க வாங்குவோரிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டா என்னும் வினாவைப் பொறுத்ததாகும். இதனைத் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

வணிகவியலார்க்குரிய பொருளைத் தமிழாய்வார் தொடுதல் முறையோ என்று சிலர் ஐயுறலாம். சொல்லாய்வு எம் தொழில். ஒரு சொல்லுக்கு இத்தனை காசு என்று விலை வைத்து ஏலம் விடும் அங்காடி ஒன்று நம் காலத்தில் தோன்றியிருப்ப, அதனைப் பாராதிருத்தலே எமக்கு முறையன்றெனத் தோன்றுகின்றது.

கூறி விளம்பல் தமிழ்நாட்டில் தொன்மையது. பட்டினப்பாலையில் கள் விற்கும் மனைகளின் வாயிலிலும் கொடி உண்டு. சொற்போர்க்கு அறைகூவும் ஆசிரியர் எடுத்த கொடியும் உண்டு. எழுத்தறியாதாரும் தொலைவிலிருந்தே கண்டு, இன்னது ஈண்டு உண்டு என உணர அக்கொடிகள் பயன்பட்டன. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள், நெல்லுக்கு உப்பென மாற்றுவிலை கூறிச் சேரியில் வருகின்றாள். அவள் குரல் வேற்றுக் குரலென உணர்ந்த மனைநாய் குரைக்க, அவள் கண்கள் வெருவுகின்றன. காதற்பாட்டாதலின் அந்நாயைப் பெரும்பாலோர் கருதுவதில்லை. எமக்கோ, அழையாத வணிகக் குரலை இல்லத்தார் ஏற்காமைக்கு இலக்கியத்தில் அமைந்த நல்லதொரு சான்றாக அந்நாய் தோன்றுகின்றது. நாள்தோறும் கைப்பேசியில் வந்து விழும் வணிகக் குறுஞ்செய்திகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் தனி விதிகளை வகுத்தமையும் இதனொடு வைத்து எண்ணத்தக்கது.

இனித் தாம்பரத்தை நோக்குவோம். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இவ்வூர்க்குப் பெயர்ந்தது. 1984இல் ஏற்றுமதிப் பொருள்களுக்கான தனி மண்டலம் சானடோரியத்தை அடுத்து அமைந்தது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களோடு இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 திசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பெற்ற பின்னர், தென்மாவட்டங்களிலிருந்து வருவோர் இறங்குமிடம் மாறியது. இவ்வரலாற்றை யாம் கூறுதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் தாம்பரத்துக் கடைகளுக்குக் கொள்வோரைக் கொணர்ந்தது தொடர்வண்டி நிலையமே. நிலையத்தினின்று இறங்கி மேற்கே சண்முகம் சாலையில் நடப்போர் கண்ணிற் பட்டதை வாங்கினர். கடைக்காரர்க்குப் பெயர்ப்பலகையும் குரலும் போதுமாயிருந்தன. இன்று அதே தெருவிற்கு வருவாருட் பலர், வீட்டிலிருந்தே கைப்பேசியில் ஒரு சொல்லை இட்டு, எக்கடைக்குச் செல்வதென முடிவுசெய்து வருகின்றனர். கொடியைக் கண்டு வருதல் போய்ச் சொல்லைக் கொண்டு வருதல் நிகழ்ந்துள்ளது.

தேடுபொறி இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். ஒருவர் 'தையல் கடை' என்று இட்டால், பொறி தான் முன்னரே திரட்டி வைத்துள்ள பக்கங்களுள் அச்சொல்லொடு பொருந்துவனவற்றை வரிசைப்படுத்திக் காட்டும். அண்மையிலுள்ள கடைகளைக் காட்டுங்கால், தேடப்பட்ட சொல்லோடு பொருத்தம், தேடுவோரிடமிருந்து தொலைவு, கடையின் அறியப்பட்ட நிலை ஆகிய மூன்றையும் கருதுவதாகக் கூகுள் நிறுவனம் கூறுகின்றது. இவ்வரிசையில் இடம்பெறக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், தொழில், முகவரி, திறந்திருக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிந்து வைத்தலே வேண்டுவது. இவ்வரிசைக்கு மேலும் கீழும் தனிக் குறிப்போடு தோன்றும் விளம்பரங்கள் வேறு. அவை ஏலத்தால் வருவன. ஒரு சொல்லைத் தேடுவோர்க்குத் தம் பக்கம் தோன்றவேண்டும் என விரும்பும் வணிகர் பலரும் விலை கூறுவர். கூறிய விலையோடு விளம்பரத்தின் தகுதியும் அது கொண்டுசேர்க்கும் பக்கத்தின் தகுதியும் சேர்த்து இடம் தரப்படும். தேடுவோர் தொட்டால் மட்டுமே வணிகர் பணம் செலுத்துவர். கூகுள் 2000இல் தொடங்கிய இவ்வேற்பாட்டில் தமிழ் 2018இல் இடம்பெற்றது.

ஆகவே தையற்காரர், குழாய் பழுதுபார்ப்போர், பல்மருத்துவர், கைப்பேசி திருத்துவோர் போன்றார்க்குக் கேட்டார்க்கு விளம்பலே ஏற்றது. இத்தொழில்களுக்கு மக்களிடம் சொல் உண்டு. குழாய் உடைந்தவர் தாமே தேடுவர். உடையாதவரிடம் நாள்தோறும் சென்று குழாயைப் பற்றிப் பேசுதல் வீண். இத்தகைய கடையினர் திங்கள்தோறும் பணங்கொடுத்து முகநூலில் பலர் விருப்பக்குறி இடுமாறு செய்வதனை யாம் கண்டு வியந்துள்ளோம். அக்குறி இட்டோர் பலர் தாம்பரத்தில் வாழ்வோரே அல்லர். குறிகளின் தொகை பெருகுவது கண்ணுக்கு இனிதே. கடைக்கு வந்து துணியளந்து கொடுப்பார் வேறு ஆவர்.

எந்தச் சொல்லைப் பதிவது என்னும் வினாவே தமிழறிந்தார் உதவத்தக்க இடம். கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் முதன்மை பெறல் வேண்டுமென்பது தமிழ்நாட்டு விதி. அதற்கியைந்து பலகைகளில் 'அடுமனை', 'வெதுப்பகம்' போன்ற நல்ல சொற்கள் வந்துள்ளன. ஆயினும் பசித்து வந்தவர் கைப்பேசியில் இடுவது 'பேக்கரி' என்பதே. தூய சொல்லை மட்டும் பதிந்த கடை, தேடுவோர் கண்ணிற் படாதொழியலாம். வழக்குச் சொல்லை மட்டும் பதிந்த கடையோ அத்தூய சொல் பரவுதற்கு ஒரு வாய்ப்பை இழக்கச் செய்கின்றது. பலகையில் அடுமனை என்றும், பதிவின் விளக்கவுரையில் பேக்கரி என்றும், ரொட்டி, கேக், பன் என்று விற்பனவற்றின் பெயர்களும் அமைதல் வேண்டும் என்பது எம் கருத்து. இது தூய்மைக்கு இழுக்கென எண்ணற்க. நிகண்டு செய்தாரும் ஒருபொருட் பன்மொழிகளை ஒருங்கே வைத்துத்தான் நூல் செய்தனர்.

எழுத்து வேறுபாடும் ஈண்டு சிக்கலாகின்றது. நம் மக்களுட் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில நெடுங்கணக்கால் எழுதித் தேடுகின்றனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பெற்றது. எனினும் பலர் விரல் அதற்குப் பழகவில்லை. 'அனகாபுத்தூர்' என்பதன் ககரத்திற்குச் சிலர் 'கே' எழுத்தையும் சிலர் 'ஜி' எழுத்தையும் இடுகின்றனர். தகரத்தை ஒருமுறையோ இருமுறையோ எழுதி, அதனோடு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் விடுகின்றனர். இவ்வாற்றான் ஓர் ஊர்ப்பெயர் பல பெயராகின்றது. தமிழெழுத்திலும் னகர ணகர மயக்கம் உண்டு. வேற்றுமையுருபு ஏறுங்கால் 'தாம்பரம்' என்பது மகரங்கெட்டு அத்துச்சாரியை பெற்றுத் 'தாம்பரத்தில்' என நிற்கும். பேச்சில் 'தாம்பரத்துல' என்றாகும். குரலால் தேடும் வசதி வந்தபின் பேச்சுவடிவமும் பொறியின் செவிக்கு எட்டுகின்றது. பொறி இவ்வடிவங்களுட் பலவற்றை ஒன்றென உணர வல்லதாயினும் எல்லாவிடத்தும் அஃது இயல்வதன்று. எனவே கடைக்காரர் தம் பக்கத்தில் ஊர்ப்பெயரை எழுவாயாகவும், உருபேற்ற வடிவிலும், வழங்கும் ஆங்கில வடிவங்களிலும் இயல்பான தொடர்களில் அமைத்தல் நன்று. ஒரே சொல்லை இருபது முறை அடுக்கி எழுதுவாரும் உளர். அதனை ஏமாற்றெனக் கொண்டு பொறி பின்தள்ளிவிடும்.

ஊர்ப்பெயர்களிலும் மக்கள் வழக்கே முன்னிற்கும். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதியை மக்கள் 'சானடோரியம்' என்கின்றனர். 1928இல் மருத்துவர் சௌரி முத்து அங்கு நிறுவிய காசநோய் மருத்துவ நிலையமே அப்பெயர்க்கு மூலம். குரோம்பேட்டையோ குரோம் தோல் நிறுவனத்தால் பெயர் பெற்றது. ஒரு தொழிற்சாலை தன் பெயரையே ஊர்ப்பெயராக விட்டுச் செல்லுதல் போல் நிலைத்த விளம்பரம் பிறிதில்லை எனலாம். இங்குள்ள கடை தன் அஞ்சல் முகவரியை மட்டும் எழுதி, 'சானடோரியம்' என்பதனை விடுமாயின் அண்டை வீட்டாரும் அதனைத் தேடிக் காணார்.

இதுகாறும் கூறியவை சொல்லுடைய பொருள்களுக்குப் பொருந்துவன. இனி வாங்குவோரிடம் சொல்லே இல்லாத பொருளை நோக்குவோம். இதற்கு அனகாபுத்தூர் நெசவே எமக்குக் கிடைத்த சிறந்த சான்று.

பல்லாவரத்துக்கு வடக்கே அடையாற்றை அடுத்துள்ள இவ்வூர் நெடுங்காலமாக நெசவாளர் ஊர். 'மெட்ராஸ் கைக்குட்டை' என அயல்நாட்டு வணிகத்தில் பெயர் பெற்ற கட்டத்துணி இங்குத் தறிகளில் நெய்யப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவிற்கு, சிறப்பாக நைஜீரியாவிற்குச் சென்றது. பெயர் கைக்குட்டையாயினும் அது முகந்துடைக்கும் துணி அன்று; ஆண்டையோர் இடையில் உடுத்தும் துணி. நெய்தவர் உடுத்தவரைக் கண்டதில்லை. உடுத்தவர் நெய்தவரை அறிந்ததில்லை. இடைநின்ற வணிகரே இருவர்க்கும் சொல்லாயிருந்தனர். 1970களில் நைஜீரிய அரசு துணி இறக்குமதிக்குத் தடை விதித்தபோது அச்சொல்லும் அறுந்தது. நெசவாளர் மக்கள் பலர் தறியை விட்டு வேறு தொழில்களுக்குச் சென்றனர். தறிகளின் தொகை மிகக் குறைந்தது.

எஞ்சியோருள் ஒரு குழுவினர் வாழைநார், சணல், கற்றாழை, அன்னாசி முதலிய இயற்கை நார்களைப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து சேலை நெய்யத் தலைப்பட்டனர். 25 வகை நார்கள் கலந்த சேலை ஒன்று லிம்கா சாதனை ஏட்டில் இடம்பெற்றது. தொழில்திறம் ஐயத்திற்கிடமின்றி உயர்ந்தது. ஆயினும் விற்பனையில் ஓர் இடர் உண்டு. சேலை வாங்க எண்ணும் பெண்டிர் 'பட்டுச்சேலை' என்று தேடுவர். 'பருத்திச்சேலை' என்று தேடுவர். வாழைநாரில் சேலை உண்டென அறியாதார் 'வாழைநார்ச் சேலை' என்று எவ்வாறு தேடுவர்? இப்பொருளுக்கு ஏலத்தில் சொல் வாங்கிப் பயன் சிறிதே. 'பட்டுச்சேலை' என்னும் சொல்லுக்கோ, தியாகராய நகரிலும் குரோம்பேட்டையிலும் பல மாடிக் கடைகளை உடைய பெருவணிகர் போட்டியாளராவர். அவரோடு விலைகூறி நிற்றல் ஒரு தறிக்காரர்க்கு இயலாது.

எண்ணாற் காட்டுவோம். இவை விளக்கத்திற்காக யாம் கற்பித்துக்கொண்ட எண்களே. ஒரு சேலையில் நெசவாளர்க்கு எஞ்சுவது 500 ரூபாய் என்க. ஒருமுறை தொடுதற்கு 6 ரூபாய் எனின் நூறு பேர் தொட 600 ரூபாய் ஆகும். நூற்றுவருள் இருவர் வாங்கின் 1000 ரூபாய் வரும். 400 ரூபாய் எஞ்சும். ஒருவரே வாங்கின் 100 ரூபாய் கைப்பொருள் இழப்பு. பட்டை நாடி வந்தவர்க்கு வாழைநாரைக் காட்டினால் நூற்றுவருள் ஒருவரும் வாங்காதொழிதலும் கூடும். பெருங்கடை இத்தகைய இழப்பைப் பத்துத் திங்கள் பொறுக்கும். தறிக்காரர் இரண்டு திங்களில் நூல் வாங்கும் பணத்தை இழந்துவிடுவர்.

ஆதலின் சொல்லில்லாப் பொருட்கு முதலில் வேண்டுவது காட்சி. பழங்கொடி செய்த தொழிலை இன்று செய்வன சிறு ஒளிப்படங்கள். வாழைத்தண்டின் மட்டையினின்று நாரை உரிப்பதும், அது தறியில் ஊடையாகப் போவதும், துணியாக விரிவதும் ஒரு நிமையத்தில் காட்டத்தக்கன. அதனை இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ கண்டவர் வியந்து, 'இதன் பெயர் யாது?' எனக் கேட்பர். அந்தக் கேள்வி பிறந்த கணத்திலேதான் பெயரைத் தருதல் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கோவையில், ஊர்ப்பெயரொடு வருமாயின், கண்டவர் பின்னொருநாள் அப்பெயரையே இட்டுத் தேடுவர். அன்று கூறி விளம்பல் முடிந்து, கேட்டார்க்கு விளம்பல் தொடங்கும். இன்று 'இயற்கை நார்', நாளை 'வாழைப்பட்டு', மறுநாள் ஆங்கிலப்பெயர் என மாற்றி மாற்றி அழைப்பின் இம்மாற்றம் நிகழாது. பெயரில் உறுதியின்மையே இத்தகைய சிறுதொழில்களின் பெருங்குறை என்பது எம் துணிபு.

குறையையும் பெயரால் சிறப்பாக்கியதோர் எடுத்துக்காட்டு இந்தச் சென்னைக் கட்டத்துணி வரலாற்றிலேயே உண்டு. 1958இல் அமெரிக்க வணிகர் ஒருவர் சென்னைத் துணியை வாங்கிச் சென்று, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். இயற்கைச் சாயமாதலின் வெளுக்குந்தோறும் நிறங்கள் ஒன்றோடொன்று கசிந்தன. தனியே தண்ணீரில் மெல்ல அலசவேண்டும் என்னும் அறிவுரை வாங்கியோர்க்குப் போய்ச் சேரவில்லை. முறையீடுகள் எழுந்தன. அப்போது விளம்பரக் கலைஞர் டேவிட் ஓகில்வி, சாயம் கசிவது உறுதி என்பதையே அத்துணியின் சிறப்பாக விளம்பரப்படுத்தினார் என்று கூறுவர். ஒவ்வொரு வெளுப்பிலும் புதுநிறங் கொள்ளும் துணி எனக் கருதி அமெரிக்க இளைஞர் அதனை விரும்பி உடுத்தலாயினர். ஈண்டு யாம் கருதத்தக்கது சூழ்ச்சியன்று. துணியின் உண்மையியல்பை மறையாது, அதற்கொரு சொல் தந்தமையே. வாழைநார்ச் சேலையின் சற்றே முரடான தொடுகையும் ஒன்றுபோல் மற்றொன்று அமையாத இழையும் இவ்வாறு மறையாது சொல்லத்தக்கன. படத்தில் வழவழப்பாகத் தோன்றி, வீடு வந்தபின் வேறாக உணரப்படும் சேலை திரும்பி வரும். அனுப்பு கூலியும் இழப்பாகும்.

காட்சிக்குரிய களம் பற்றி எச்சரிக்கை ஒன்று உண்டு. அக்களம் வணிகர்க்குச் சொந்தமன்று. 2020 சூன் 29இல் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடைசெய்தபோது, அதனை நம்பிப் பார்வையாளரைத் திரட்டியிருந்தோர் அனைவரும் ஒரே இரவில் அவரை இழந்தனர். நைஜீரியத் தடையால் ஒருமுறை வீழ்ந்த ஊர்க்கு இச்செய்தி புதிதன்று. ஆதலின் படத்தைக் கண்டு உசாவினாரின் எண்ணை, அவர் இசைவு பெற்று, நெசவாளர் தம்மிடமே குறித்து வைத்தல் இன்றியமையாதது. 2018இல் வெளிவந்த வாட்சப் வணிகச் செயலி இதற்குப் போதுமானது. பொருட்பட்டியலும் படமும் அதில் வைக்கலாம். ஒருமுறை வாங்கியவர்க்கு ஆண்டில் மூன்று அல்லது நான்கு முறை, புதிய துணி தறியிலிருந்து இறங்கும்போது மட்டும் எழுதின், முன்னர்க் கூறிய நாய் குரையாது. குரல் பழகிய குரலாகிவிடும்.

இனி ஒரு சொல்லைப் பற்றிக் கூறி அமைவோம். நைஜீரியக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தியக் கட்டத்துணியை 'இஞ்சிரி' என அழைக்கின்றனர். அத்துணியின் சில இழைகளை அறுத்து உருவிப் புதிய கோலம் படைக்கும் கலையும் அவரிடம் உண்டு. பிறப்பு முதல் இறப்பு வரை உள்ள சடங்குகளில் அத்துணிக்கு இடமுண்டு. இக்போ மக்களிடையே 'ஜார்ஜ்' என வழங்கும் துணிப்பெயர், நம் புனித ஜார்ஜ் கோட்டையினின்று வந்தது என்பர். ஆகவே வாழைநார்க்குச் சொல்லில்லை என வருந்தும் ஊரார்க்கு, அவர் முன்னோர் நெய்த துணி வகைக்குக் கடல் கடந்த நாட்டில் இன்றும் சொல் உண்டு. அக்கட்டத்துணி நெய்யக் கற்றோர் அனகாபுத்தூரில் உள்ளவரை, வாழைநார்க்குக் காட்சியும் கட்டத்துணிக்குத் தேடலும் என இருவழியும் அவர்க்குத் திறந்துள்ளன. லாகோசிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஒருவர் 'இஞ்சிரி' என்றோ 'ஜார்ஜ்' என்றோ தேடுங்கால் எதிர்ப்படுமாறு, அவ்விரு சொற்களையும் ஊர்ப்பெயரையும் ஒருங்கே உடைய பக்கம் ஒன்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுதல் வேண்டும். அதற்கு ஏலப்பணம் வேண்டியதில்லை. கடல் கடந்து வழங்கும் துணிப்பெயர்களைத் திரட்டிப் பொருள் வரைந்து நெசவாளர்க்கு அளித்தல், எம் போன்ற துறையினரின் முதுகலை மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணியாகும்.